எண்பதுக்கு மேல் ஏற்றாதே

ஆல்பர்ட்,

போன ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உன் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். நம் பங்கைச் சேர்ந்த ஆல்பர்ட்டுக்கும் பெங்களூரைச் சேர்ந்த ரீட்டாவுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் நிறுத்தி நிதானமாக வாசித்தார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கோயில் நடுப்பாதையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன் தம்பி டேனி மற்றவர்களைவிடப் பெரிதாகச் சிரித்தான். தடை உண்டு சாமி என்று எழுந்து நின்றுவிட வேண்டும் போல எனக்கு முழங்கால் துடித்தது. நிற்கவில்லை. இன்னும் இரண்டு ஓலை பாக்கி இருக்கிறது. வருகிற ஞாயிறு இரண்டாவது ஓலை வாசிப்பதற்குள் நீ உன் தம்பியிடம் அந்த உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் எழுந்து நிற்பேன். இந்தக் கடிதம் அதற்குத்தான். இதை உனக்கு அனுப்பவில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ரீட்டாவின் போனுக்கு அனுப்புகிறேன். அவள் முதலில் படித்துவிட்டு அப்புறம் உனக்குக் காட்டட்டும்.

கல்யாணமாகப் போகிற மகனுக்குத் தாய் எழுதுகிற கடிதத்தில் நாலு நல்ல புத்தி இருக்க வேண்டுமாம். சொல்கிறேன், கேட்டுக்கொள். பெண்டாட்டி சமைத்ததைக் குறை சொல்லாதே. மாமனார் பேசும்போது போனை நோண்டாதே. ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதே. இவற்றைத் தவிர எனக்குத் தெரிந்தது இன்னும் ஒன்றுதான். செய்ததை நீ செய்துவிட்டு, பழியைத் தம்பி தலையில் வைத்து, கடைசியில் அவனை மன்னிக்கவும் செய்யாதே. வேறு எந்தத் தாய்க்கும் இதை எழுத வேண்டி வந்திருக்காது. எனக்கு வாய்த்தது நீ. ரீட்டாவுக்கு முதலிலிருந்து விளங்க வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்கிறேன். உன் கூட்டத்தில் எத்தனையோ பேர் உன் பேச்சைக் கேட்கிறார்கள். நீ கொஞ்ச நேரம் என் பேச்சைக் கேள்.

நீ கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்து வந்து, வேலைக்குப் போகாமல், வீட்டுக்குப் பின்னால் நாம் பூண்டு காயப்போடுகிற தகரக் கொட்டகையைக் காலி செய்து உட்கார்ந்தாய். மோட்டார் வைத்த லாங்போர்டு செய்யப் போகிறேன் என்றாய். மோட்டாரும் பேட்டரியும் சக்கரமும் கடையில் கிடைக்கும், ஆனால் ஆள் ஏறி நிற்கிற பலகை, டெக் என்று அதற்குப் பெயர், அதை நானே வரைந்து நானே செய்வேன் என்றாய். உன் அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பலகையில சக்கரம் மாட்டி ரோட்டுல உருண்டு போகவாலே அம்புட்டுப் படிப்புப் படிச்ச?" என்று கேட்டார். சுற்றுலா வேன் ஓட்டுகிறவருக்கு அது ஒரு வண்டியாகவே தெரியவில்லை. நான்தான் அவரை அடக்கினேன். நான் வேலை பார்க்கிற ஓட்டலில் துணி துவைக்கிற பகுதி என் பொறுப்பு. அங்கே கழித்துப்போட்ட அயர்ன் போர்டு ஒன்றை உனக்காகக் கேட்டு வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அதைத் தரையில் கவிழ்த்து, சாக்பீஸால் சுற்றி வரைந்தாய். உன் முதல் டெக்கின் வடிவம் அதுதான். இப்போது மேடைகளில், மலைக்கு மேலே பறந்த கழுகின் இறக்கையைப் பார்த்து வரைந்தேன் என்று சொல்கிறாயாமே. கழுகுமில்லை, கொக்குமில்லை. மூன்றாம் மாடியில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த அயர்ன் போர்டு.

முதல் பலகை சாப்பாட்டு மேசை மாதிரித் தடித்துப்போனது. நம் சாலையில் அதன் மேல் நின்றால் பல் தந்தியடித்தது. இரண்டாவதை மெல்லியதாக இழைத்தாய். அது நடுவில் தொய்ந்து, அடியில் இருந்த பேட்டரிப் பெட்டி வேகத்தடையில் உராய்ந்து கிழிந்தது. அப்புறம்தான் கீழ்மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரத்தை மெல்லிய தகடாகச் சீவி வாங்கி வந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி, குழிவான அச்சில் வைத்து இறுக்கினாய். நம் ஊர் மார்கழிக் குளிரில் பசை இறுகுமா? அச்சிலிருந்து எடுத்ததும் ஏடு ஏடாக வாயைப் பிளந்தது. நீ மூலையில் உட்கார்ந்து அழுதாய். எனக்கு மனசு கேட்கவில்லை. அச்சைக் கிளாம்ப்போடு படுக்கை விரிப்பில் சுற்றி, அழுக்குத் துணி வண்டியில் வைத்து, நானும் டேனியுமாக ஓட்டலின் துணி காயவைக்கிற அறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே வெந்நீர்க் குழாய் ஓடுவதால் எப்போதும் சூடு. மேனேஜர் கதவைத் திறந்துவிட்டார். "என்னக்கா இது, பொணத்தச் சுத்துன மாதிரி வச்சிருக்கீங்க?" என்றார். "கோயில் கிறிஸ்மஸ் குடிலுக்குப் பலகை சார். வண்ணம் காயணும்" என்றேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன். அந்தப் பலகை இறுகி வந்தபோது, தட்டினால் பாத்திரம் மாதிரி ஒலித்தது. நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய்.

அந்தப் பலகைக்கு அளவு உன் தம்பி. அவன் அப்போது ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். வேலை முடிந்து வந்ததும் பலகையின் இரண்டு முனைக்கும் செங்கல் வைத்து நடுவில் அவனை ஏறி நிற்கச் சொல்வாய். அவன் குதிப்பான். நீ கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பாய். "இன்னும் ஒரு ஏடு கொறைக்கலாம்டா, நீ கொக்கு மாதிரில்ல இருக்க" என்பாய். "நீ ஏறி நில்லுண்ணே, ரெண்டாப் பொளந்துரும்" என்பான். நீ கனம், அவன் ஒல்லி. அவன் பாதம் எங்கே விழுகிறதோ அங்கே குழிவை ஆழமாக்கினாய், அவன் திரும்பும்போது எந்தப் பக்கம் சாய்கிறானோ அதற்குத் தக்கபடி ஓரத்தை இழைத்தாய். முடிந்ததும் அடிப்பக்கத்தில் சூட்டுக்கோலால் டேனி என்று பெயர் எழுதினாய். ஊரே அவன் பலகை என்றுதான் சொன்னது. அவன் மட்டும் அண்ணன் போர்டு என்றான். சார்ஜர் மாட்டியிருந்த சுவரில் நீ கரியால் எண்பதுக்கு மேல் ஏற்றாதே என்று எழுதிவைத்தாய். ஏன்லே, பாதியில் நிறுத்தவா கரண்டு பில் கட்டுகிறோம் என்று கேட்டதற்கு, "ஒங்களுக்குப் புரியாதும்மா" என்றாய். புரியாது என்று நானும் விட்டுவிட்டேன்.

பணம் போடுவதற்கு முன் பலகையைப் பார்க்க பெங்களூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்த அன்று நான் வெள்ளனே எழுந்து கொட்டகைப் பக்கம் போனேன். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. முழுதாக ஏறினால்தான் பச்சை எரியும் என்கிற அளவுக்கு எனக்கும் தெரியும். "என்னலே, எண்பதுக்கு மேல ஏத்தாதன்னு எழுதிப் போட்டுட்டு நீயே நெறையா ஏத்தி வச்சிருக்க?" என்று கேட்டேன். நீ குளிக்கத் துண்டை எடுத்துக்கொண்டே சொன்னாய்: "இன்னைக்கு மட்டும்மா. எம்புட்டுத் தூரம் ஓடும்னு பாக்கத்தான வாராங்க. கொறச்சு வச்சுக் காட்டுனா அசிங்கம்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் குறை வைத்து நமக்குப் பழக்கமில்லை. டேனி புது நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் தோசை தின்றுகொண்டிருந்தான். உன் அப்பா பழனிக்குச் சவாரி போயிருந்தார். நான் டூட்டிக்குக் கிளம்பினேன். வீட்டில் நீங்கள் இரண்டு பேர்தான் இருந்தீர்கள்.

அவர்கள் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நம் வீட்டு இறக்கத்தின் கீழ் வளைவில், ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிற வண்டியில் காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரம் பெண்கள் உட்கார்ந்து பீன்ஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது என்னிடம் சொன்னாள்: "பிரேக்கு புடிக்கல, தள்ளுங்க தள்ளுங்கன்னு கத்திக்கிட்டே வந்தான்க்கா. நாங்க எந்திரிக்க முன்ன செவுத்துப் பக்கம் திருப்பிட்டான். எங்க மேல விட்டிருந்தா அவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது." டேனியின் முதுகெலும்பும் தலையும் கல்சுவரில் மோதின. கொடைக்கானலில் கைவிரித்து மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே வராந்தாவில் நீ சுவரில் சாய்ந்து நின்று எங்களிடம் சொன்னாய்: "நான் குளிச்சுக்கிட்டு இருந்தேன்மா. எனக்குத் தெரியாம போர்ட எடுத்துட்டுப் போயிட்டான்." நான் நம்பினேன். உன் அப்பா நம்பினார். திமிர் பிடித்த பயல் என்று ஊரும் நம்பியது.

அவன் கண் விழித்தபோது அந்த நாள் அவன் தலையில் இல்லை. முதல் நாள் ஏரிக்கரையில் சைக்கிள் துடைத்தது வரை ஞாபகம் இருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வராந்தாவில் எங்களுக்குச் சொன்னதை அவனுக்கும் சொன்னாய். அவன் அழுதான். கால் அசையவில்லை என்று அழவில்லை. "போர்டு என்னாச்சுண்ணே?" என்று கேட்டான். "ரெண்டா ஒடஞ்சிருச்சு" என்றாய். "சாரிண்ணே" என்றான். "பரவால்லடா, விடு" என்றாய். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. செய்தவன் நீ, பாதிக்கப்பட்டவன் அவன். மன்னிப்புக் கேட்டவன் அவன், மன்னித்தவன் நீ.

அப்புறம் நீ பெங்களூருக்குப் போனாய், கூட்டாளி கிடைத்தான், கம்பெனி வந்தது. பலகைகளை அங்கே அச்சில் அழுத்தினாலும் ஓரத்தை உப்புத்தாள் போட்டுக் கையால் தேய்த்தால்தான் வழவழப்பு வரும் என்று இங்கே டேனிக்கு அனுப்பி வைக்கிறாய். அவன் கூலி வாங்க மாட்டேன் என்று சொன்னபோது நீ ஒரு தடவை வற்புறுத்தினாய். ஒரே ஒரு தடவை. "நான் ஒடச்சதுக்கு ஈடுகட்ட வேணாமாண்ணே" என்றான். சரி, உன் இஷ்டம் என்றுவிட்டாய். அவன் பூண்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்துத் தேய்க்கிறான். பெங்களூரில் உன் பலகையை வாங்குகிறவர்கள் லேசாகப் பூண்டு வாசம் வருகிறது என்று சொன்னால் அது இதனால்தான். ஒருநாள் நான் டூட்டி முடிந்து வந்தபோது அவன் கைலியெல்லாம் ரத்தம். பலகையின் முனை தொடையில் உராய்ந்து உராய்ந்து தோலைத் தின்றிருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவனுக்கு எப்படித் தெரியும்? கைலியை விலக்கிப் பார்த்து நான் அலறினேன். அவன் தொடையைப் பார்க்கவில்லை. "பலகையில பட்டுருச்சாம்மா?" என்று கேட்டான். படவில்லை என்றேன். அதன் பிறகு மடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு தேய்க்கிறான். ஒவ்வொரு பலகையிலும் டேனி என்ற பெயரையும் நீ அச்சடித்தே அனுப்புகிறாய். தன் பெயரைத் தானே தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருக்கிறான்.

போன மாதம் ஓட்டல் ரிசப்ஷனில் இருக்கிற பெண் ஓடி வந்தாள். "அக்கா, ஒங்க மகன் வீடியோ சூப்பரா ஓடுது, பாருங்க" என்றாள். துணி காயவைக்கிற அந்த அறையில் நின்று பார்த்தேன். நீ கறுப்புச் சட்டை போட்டு மேடையில் நின்றாய். எனக்குப் புரியாது என்று நீ சொன்னதை அங்கே ஊருக்கெல்லாம் புரியவைத்தாய். நன்றாகவே சொல்லித் தருகிறாய், எனக்கே புரிந்துவிட்டது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் மோட்டார் டைனமோ மாதிரிச் சுற்றி மின்சாரத்தை பேட்டரிக்குள்ளேயே திருப்பி அனுப்பும், அப்படி அனுப்புவதுதான் பிரேக், பேட்டரி நிரம்பியிருந்தால் வருகிற மின்சாரத்துக்கு உள்ளே இடமில்லை, இடமில்லை என்றால் பிரேக் விட்டுப்போகும். சமவெளியில் ஓட்டுகிறவனுக்கு இது தெரியவே தெரியாது, மேட்டின் உச்சியில் வீடு இருக்கிறவனுக்குத்தான் தெரியும். இவ்வளவும் சொல்லிவிட்டு, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாய். என் தம்பி டேனி ஒருநாள் எனக்குத் தெரியாமல் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போனான், அவன் செய்த அந்த ஒரு தவறிலிருந்துதான் எங்கள் கம்பெனியின் எண்பது விதி பிறந்தது என்றாய். கூட்டம் கை தட்டியது.

பச்சை விளக்கை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். "இன்னைக்கு மட்டும்மா" என்று நீ சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அது மட்டுமா? நீ பேசி முடித்ததும் திரையில் டேனியைக் காட்டினாய். நம் வாசலிலிருந்து இரண்டு கையையும் விரித்துச் சிரித்துக்கொண்டு கிளம்புகிறான். உடம்பில் அந்த நீலச் சட்டை. அன்றைக்குத்தான் முதல் தடவை போட்டது. மதுரையில் கத்தரியால் வெட்டி எடுத்து என் கையில் கொடுத்தார்கள், அதற்கு இரண்டாவது நாள் கிடையாது. சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டிருந்தாய். ஆனால் காலை வெயிலில் படம் பிடித்தவனின் நிழல் சாலையில் நீளமாக விழுந்து கிடந்தது, ஈரத் தலையைச் சீவி நிமிர்த்திவிட்டிருந்த உன் நிழல். யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போனவனை வாசலில் நின்று படம் பிடித்தது யார் ஆல்பர்ட்? வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும், நீ ஏறினால் அழகாக இருக்காது, அவனை ஏறச் சொன்னாய். அவ்வளவுதானே? அந்தப் படத்தை அழித்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அழகாக வந்துவிட்டது, விட மனசு வரவில்லை.

போனில் உன்னிடம் கேட்டேன். நீ முதலில் மறுத்தாய். சட்டையைச் சொன்னதும் மறுப்பை நிறுத்திவிட்டாய். "அம்மா, அவனுக்கு ஒண்ணும் ஞாபகமில்லையே. இதுனால யாருக்கும்மா நஷ்டம்?" என்றாய். பெற்ற வயிறு எரிகிறது என்பார்கள், எனக்கு எரியவில்லை. அருவருப்பாக இருந்தது. நீ பிறந்ததிலிருந்து உன் மலமும் மூத்திரமும் அள்ளியிருக்கிறேன், ஊரார் படுத்த விரிப்புகளைத் துவைத்தே காலம் போயிருக்கிறது, எதிலும் எனக்கு அருவருப்பு வந்ததில்லை. அன்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ இன்னும் பேசிக்கொண்டிருந்தாய். ஸ்டோரி இல்லாமல் எந்தப் பொருளும் விற்காதாம். கல்யாண வரவேற்பு மேடையில் டேனியை நாற்காலியோடு தூக்கி வைத்து, புதுப் பலகையை அவன் கையாலேயே வெளியிடப் போகிறாயாம். அவன் எழுந்து நிற்க முடியாதவன் என்பது கூட்டத்துக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மேடையை உயரமாகப் போடச் சொல்லியிருக்கிறாயா என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய்.

சின்ன வயதில் கோயில் கண்ணாடியைப் பந்தடித்து உடைத்துவிட்டு டேனி மேல் சொன்னாய், ஞாபகமிருக்கிறதா? நான் கண்டுபிடித்து, பூசை முடிந்து வெளியே வருகிற வழியில் உன்னை நிறுத்தி, வருகிற ஒவ்வொருவரிடமும் "ஒடச்சது நான்தான், என் தம்பி இல்ல" என்று சொல்லவைத்தேன். பாதிப் பேர் போவதற்குள் உன் காற்சட்டை நனைந்துவிட்டது. "பச்சப் புள்ளைய இப்பிடியாடி வதைப்ப?" என்று உன் அப்பா என்னை அடிக்க வந்தார். மீதிப் பேரும் வெளியே வரும்வரை உன்னை விடவில்லை. அதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை. இன்றும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன், இந்தத் தடவை வழியில் நிற்பது ரீட்டாவின் வீட்டார். உன் அப்பா இப்போதும் அதே கட்சிதான். "கல்யாணம் முடியட்டும், பெறகு பேசிக்கலாம்" என்கிறார். ரீட்டா, இந்த இடத்தை மட்டும் உனக்கு எழுதுகிறேன். அவன் உன்னை அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், நன்றாகப் பார்த்துக்கொள்வான். என்றைக்காவது உங்கள் இருவரில் ஒருவர் மேல் பழி விழ வேண்டி வந்தால், யார் மேல் விழும் என்பதை மட்டும் இப்போதே தெரிந்துகொள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன் ஆல்பர்ட், இது உனக்குத் தெரியாது. ஓலை வாசித்த அன்று மத்தியானம் சோறு போட்டுவிட்டு டேனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொட்டகையில்தான் இருந்தான். பச்சை விளக்கைச் சொன்னேன், நீ சொன்ன வார்த்தையைச் சொன்னேன், வீடியோவில் நிழலைக் காட்டினேன், சட்டையைக் காட்டினேன். அவன் உப்புத்தாளைக் கீழே வைக்கவே இல்லை. "அது வேற நாளு எடுத்ததா இருக்கும்மா" என்றான். சட்டைக்கு வேற நாள் ஏதுடா என்றேன். "அதே மாதிரி வேற சட்ட" என்றான். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை அவனிடம் நான் அதுவரை பார்த்ததில்லை. "அண்ணன் நல்லா வந்துருச்சு, ஒரு பொண்ணு வருது, ஒங்களால பொறுக்க முடியல. அதுக்குத்தான இப்பிடிப் பேசுறீங்க? நான் செஞ்சது நான் செஞ்சதுதான். அண்ணன் ஒரு வார்த்த என்னத் திட்டலம்மா. நீங்க எல்லாரும் திட்டுனீங்க, அண்ணன் திட்டல" என்றான். அது உண்மை. நான் அவனைத் திட்டினேன், அண்ணன் உழைப்பை உடைத்துவிட்டாயே என்று மதுரையில் வைத்தே திட்டினேன். என்னை அப்படித் திட்டவைத்ததும் நீதான்.

அன்றிலிருந்து அவன் என்னை அவன் பக்கத்தில் விடுவதில்லை. குளிப்பாட்ட, புண்ணுக்கு மருந்து போட எல்லாம் அப்பாதான் வர வேண்டும் என்கிறான். நான் கொண்டுபோகிற தட்டு அப்படியே திரும்பி வருகிறது. நான் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று கத்தினாலும் ஊர் நம்பலாம், சாமியார் நம்பலாம், இவன் நம்ப மாட்டான். உலகத்தில் அவன் நம்புகிற ஒரே ஆள் நீ. அதனால் இதை நீ மட்டும்தான் செய்ய முடியும். சொன்னால் அவனுக்கு அண்ணன் இருக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் சாகிறவரை செய்யாத குற்றத்துக்குத் தொடையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இரண்டையும் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வா, அவனிடம் மிச்சமிருக்கிற அந்த ஒன்றையும் உன் கையாலேயே உடைத்துக் கொடுத்துவிட்டுப் போய்க் கல்யாணம் செய்துகொள்.

வருவதற்குப் பயமாக இருந்தால் போன் போதும். நீ கூப்பிடவும் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் அவனே உன்னைக் கூப்பிடப் போகிறான், அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். கல்யாண நேரத்தில் அம்மா உன்னைப் பற்றி இப்படியெல்லாம் பேசியதற்கு, எனக்குப் பதிலாக அவன் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். போன் அடித்ததும் எடு. அவன் வாயைத் திறப்பதற்குள் நீ பேசிவிடு.

அம்மா